கட்டிங் மாஸ்டர் விரித்த வீடு

கந்தப்பனை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலைக்குள் யாரோ தறி ஓட்டுவதுபோல இருக்கும். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு தடவை சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். நல்லவர்கள் கொடுக்கிற எரிச்சலுக்குத்தான் மருந்தே கிடையாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு இழுத்து, வெட்டும் மெஷினைப் பிடித்தார் என்றால் கை நடுங்காது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தேசத்துக்கே பனியன் வெட்டிவிடுவார். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அந்தத் தேசத்துக்குக் கடிதம் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். "வெட்டுனாத்தானுங் டீச்சர் துணி சட்டையாகும். பாத்துட்டே இருந்தா துணியாவே இருக்கும்" என்று எனக்கே பாடம் சொன்னவர். அவரிடம் போய், "உங்கள் காட்டில் வீடு எங்கே கட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு உங்களுக்கு வேறு வேலை இருக்காது.

எனக்கு இருக்கவில்லை. ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு எங்களுடையது. நடுவில் இருந்த சுவர் அவ்வளவு மெல்லியது. அவர் மனைவி சாரதாமணி கடுகு தாளித்தால் என் கண் எரியும். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன் என்று என்றைக்கு அவருக்குத் தெரிந்ததோ, அன்றைக்கு ஒழிந்தது என் ஞாயிற்றுக்கிழமை. "டீச்சருங், சித்த நேரம் வந்து பாத்துட்டு வந்தரலாமுங்" என்பார். சித்த நேரம் என்பது காலை முதல் பஸ்ஸிலிருந்து பொழுது சாயும்வரை.

சேவூருக்கு அக்கட்டால, அதாவது அந்தப் பக்கம், அவருக்குப் பாகத்தில் வந்த மூன்று ஏக்கர். காடு என்றால் மரங்கள் அடர்ந்த காடு அல்ல, எங்கள் பக்கத்தில் விளைநிலத்துக்கே காடு என்றுதான் பெயர். அது மூன்று துண்டாகக் கிடந்தது. மேற்கே இருந்தது மேக்காடு, கிழக்கே இருந்தது கீக்காடு, நடுவில் கிணற்றடி. இதில் ஒரு கோளாறு உண்டு. கொங்கு நாட்டில் பொதுவாக நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும். 'மேல்' என்கிற ஒரே சொல் திசைக்கும் உயரத்துக்கும் பொருந்திப்போகும். கந்தப்பன் காடு மட்டும் பிறக்கும்போதே குப்புறப் பிறந்தது. மேக்காடு தாழ்வு; அதன் ஓரத்தில் ஒரு பள்ளம், அதாவது மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடை. கீக்காடு மேடு, சுக்காம்பாறையும் வெள்வேல மரமும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் கந்தப்பனின் அப்பா ஆட்டுப்பட்டி போட்டது அந்த மேட்டில்தான்.

சரி, மேட்டில் கட்ட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"அது பாறைங் டீச்சர். கடைக்கால் தோண்டறதுக்குள்ள நான் கெழவனாயிருவனுங்."

"அப்போது கிணற்றடியில் கட்டுங்கள்."

"அய்யோ, அது மஞ்சளும் வெங்காயமும் வெளையற மண்ணுங். சோறு போடற எடத்த சிமெண்டு போட்டு மூடறதுங்களா?"

"அப்போது மேக்காடு."

"பள்ளத்துல தண்ணி வந்துதுன்னா?"

ஒவ்வொரு பதிலும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல். எந்தப் பரீட்சையிலும் அவருக்கு முழு மதிப்பெண் போடுவேன். வீடு மட்டும் வராது. சரிவு பார்க்கிறேன் என்று ஒருநாள் கீக்காட்டிலிருந்து ஒரு தேங்காயை உருட்டினார். அது கிணற்றடியைத் தாண்டி, மேக்காட்டைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. மறு வாரம் சேவூர் சந்தையில் அதே தேங்காயை நானே விலை பேசி வாங்கினேன், குடுமியை வைத்து அடையாளம் சொல்வேன். இத்தனைக்குப் பிறகும் அவர், "செரிவு இருக்கறாப்லதான் தெரியுதுங்" என்றார்.

அப்புறம்தான் துணி வீடு வந்தது.

கம்பெனியில் வெட்டிக் கழித்த வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதையெல்லாம் ஒட்டுத் தைத்து, கட்டப்போகும் வீட்டின் அளவுக்கே ஒரு வீட்டைத் தயார் பண்ணினார் கந்தப்பன். பனியனுக்கு முதலில் பேப்பரில் அளவு வெட்டுவதில்லையா, அது மாதிரி. கூடம் வெள்ளைத் துணி, சமையலறை மஞ்சள், படுக்கிற அறை ஊதா. வெளிநாட்டுக்காரன் நிறம் சரியில்லை என்று திருப்பிய துணியெல்லாம் அதில் இருந்தது. கதவு வருகிற இடத்தில் அழகாக வெட்டிவிட்டிருந்தார். தரையில் விரித்து, நான்கு பக்கமும் முளைக்குச்சி அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து பார்க்க வேண்டும். கூடத்துச் சுவரை மிதித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனேன் என்று என்மேல் அவருக்கு ஒரு வாரம் வருத்தம்.

அந்த வீட்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவார்.

"அது என்னங்க மூட்டை?" என்றார் கண்டக்டர் ஒருநாள்.

"ஊடுங்க."

"ஊட்டுக்கெல்லாம் லக்கேஜ் போடோணுமுங்க. உள்ள ஆரும் குடியிருக்கறாங்களா? அவீங்களுக்கும் டிக்கெட் எடுத்துக்கங்க."

பஸ்ஸே சிரித்தது. சாரதாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விரிப்பார், பார்ப்பார், சுருட்டுவார். ஆடிக்காற்றில் ஒரு தடவை துணி வீடு பறந்துபோய் வெள்வேல மரத்தில் கூடமும் அறையுமாகத் தொங்கியது. அவருடைய அம்மா பெரியாத்தாள் ஊருக்குள் மூத்த மகன் வீட்டில் இருந்தாள். தினமும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்கு வருவாள். ஆடுகள் மஞ்சள் சமையலறைக்குள் புகுந்து போகும். அவள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, "இவனுக்குப் பொண்ணுப் பாக்கப் போனப்பக்கூட இத்தன வாட்டி பாக்கல டீச்சரம்மா. ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டு செரின்னுட்டான்" என்பாள்.

"அதான் தப்பாப் போச்சுங்க அத்தை. அன்னைக்கே துணிய விரிச்சுப் பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பனுங்க" என்பாள் சாரதாமணி.

இப்படியே இன்னும் பத்து வருடம் போயிருக்கும். ஆனால் அந்த வருடம் ஆவணியில் எங்கள் லைன் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். பனியன் தொழில் பொங்கி வழிந்த காலம். மாட்டுக்கொட்டாயைக் கூடக் காலி பண்ணி மெஷின் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நிட்டிங் மெசினு எறக்கறோமுங்க. தை பொறந்ததும் எல்லாரும் காலி பண்ணிக் குடுத்தரோணுமுங்க" என்றார். எனக்கு அவிநாசியில் மாமனார் வீடு இருந்தது. சாரதாமணிக்கு ஒன்றுமில்லை. ஊரெல்லாம் அலைந்து பார்த்தாள். மெஷினுக்கு வாடகைக்கு இடம் கொடுத்தார்கள், மனிதருக்குக் கொடுக்கவில்லை. காட்டில் ஒரு கூரை எழும்பாவிட்டால் அவளும் மகளும் தையில் தெருவில்தான்.

"புரட்டாசி போகட்டும்" என்றார் கந்தப்பன். போனது. ஐப்பசி முதல் ஞாயிறு, துணி வீட்டை மேக்காட்டில் விரித்தார். இந்தத் தடவை சுருட்டவில்லை.

"இதேதானுங். முடிவு பண்ணீட்டன். ரோட்டோரம், கம்பெனி வேன் வாசல்லயே நிக்கும். மண்ணு வெண்ணெயாட்டம் இருக்குது. தோண்டறது சுளுவு."

எனக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஐந்து வருடமாகப் பள்ளம், தண்ணீர், சரிவு என்று என் உயிரை வாங்கியவர், கடைசியில் போய் விழுந்தது அந்தப் பள்ளத்தின் மடியில்.

"தண்ணி வந்தா?" என்றாள் பெரியாத்தாள்.

"அதுல தண்ணி போயி நான் பாத்தே எத்தனையோ வருசமாச்சு ஆத்தா."

"நீ பாக்கலீன்னு தண்ணிக்குத் தெரியுமாடா?"

அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தேகம் படர்ந்தது. கை முளைக்குச்சியை நோக்கிப் போனது. உடனே சாரதாமணி, "நல்ல எடமுங்க. இதே இருக்கட்டுமுங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளைக் கிள்ளினேன். "உனக்குப் புத்தி இருக்கிறதா? அது வீடா, மீன் தொட்டியா?"

"வேண்டாமுன்னு சொன்னா துணியச் சுருட்டீருவாருங் டீச்சர். இன்னொருக்கா விரிக்கறதுக்குள்ள தை போயிருமுங்."  கடைவாயில் மட்டும் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவவில்லை, கம்பெனியிலிருந்து ஆள் வந்து நின்றான். கப்பலுக்குப் போகிற சரக்கு பாதியில் நிற்கிறது, மாஸ்டர் உடனே வர வேண்டுமாம். அந்த மாதிரி அவசரம் வந்தால் ஒரு வாரத்துக்கு மேசைக்கு அடியில்தான் தூக்கம். கந்தப்பன் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வீரணன் மேஸ்திரி வருவாப்ல. மேக்காடுன்னு ஆள்கிட்டச் சொல்லியுடறன், நீயும் சொல்லிரு. துணி விரிச்சாப்லயே இருக்குது, அதும்மேலயே கோடு போட்டுத் தோண்டச் சொல்லு."

"செரிங்க" என்றாள் சாரதாமணி. இவ்வளவு அடக்கமாக அவள் 'சரி' சொல்லி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடத்துக்கு எனக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினேன். இந்தக் குடும்பத்தால் எனக்கு வந்த வலிக்கு அது ஒன்றும் பொய்யில்லை. பெரியாத்தாள் முன்கூட்டியே வந்து மேக்காட்டில் முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் யாரும் சொல்லாமலே ஒரு மூலையைப் பிடித்தேன்.

"மடித்துத் தூக்கலாம்" என்றேன்.

"மடிக்கறதுக்கு இது என்ன சீலையா? பிடிச்சு இழுங்க டீச்சரம்மா" என்றாள் பெரியாத்தாள். மஞ்சள் சமையலறையின் மூலையை முந்தானைபோல் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றடி வரப்பைத் தாண்டி, மேடேறினாள். வீடு முழுவதும் அவள் பின்னால் ஏறியது. ஆடுகளும் ஏறின. கீக்காட்டு மேட்டில் முளையடித்து முடித்தபோது எங்களுக்கு மூச்சு வாங்கியது.

வீரணன் மதுரைப் பக்கத்துக்காரர். ஆட்களோடு வந்தவர் பாறையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னக்கா, அண்ணன் மேக்காடுன்னுல்ல சொன்னாரு?"

"ஆமாங்க. இதுதானுங்க மேக்காடு" என்றாள் சாரதாமணி, கண் இமைக்காமல்.

"எங்க ஊருல மேக்கன்னா பொழுது விழுகுற பக்கம்க்கா."

"அது உங்கூர்லீங்க. இங்க மேல இருக்கறதுதானுங்க மேக்காடு. இது மேலதான இருக்குது?"

வீரணன் சந்தேகத்தோடு பெரியாத்தாளைப் பார்த்தார். அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "ஆமாஞ்சாமி. எங்கூருப் பேச்சே அப்படித்தான்" என்றாள். அவர் கடைசியாக என்னைப் பார்த்தார். படித்தவர் முகத்தில் உண்மை எழுதியிருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் பூகோள டீச்சர் என்று சாரதாமணி எடுத்துக்கொடுத்தாள். தலையாட்டினேன். கடப்பாரைகள் இறங்கின.

அடுத்த ஞாயிறு கந்தப்பனோடு நாங்களும் போனோம். தூக்கமில்லாத கண்ணோடு இறங்கியவர் நேராக மேக்காட்டுக்கு நடந்தார். அங்கே முளை பிடுங்கிய குழிகள் மட்டும் இருந்தன. நிமிர்ந்து பார்த்தால், மேட்டில் வீரணன் கையசைக்கிறார்.

"அண்ணே, அம்புட்டும் பாறைண்ணே! கடப்பாரை பூராம் மழுங்கிப்போச்சு. ஆனா கடைக்காலப் பாருங்க, யானை வந்து முட்டினாலும் அசையாது."

"மேக்காடுன்னு சொன்னனேப்பா."

"மேக்காடுதாண்ணே. மேல இருக்குல்ல?"

"ஏப்பா, பொழுது எங்கப்பா பொறக்குது?"

"அது உங்க ஊரு வழக்கம்ணே. நான் என்னத்தக் கண்டேன்?"

 கந்தப்பன் தோண்டிய குழியோரமாகச் சுற்றி வந்தார். கூடத்தைத் தாண்டினார், அறையைத் தாண்டினார், சமையலறை மூலைக்கு வந்ததும் நின்றார். மற்ற மூன்று மூலையும் மட்டப்பலகை வைத்ததுபோல் இருந்தன. அந்த ஒரு மூலை மட்டும் மூக்குபோல நீண்டு துருத்திக்கொண்டு போனது. பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வரும் என்பது அவர் தினமும் கும்பிடுகிற பாடம். மேசையில் விரித்தால்கூடத் துணி தன் போக்கில் அடங்கட்டும் என்று விட்டுவைத்துத்தான் வெட்டுவார். குனிந்து மூலையைப் பார்த்தார். இழுப்பு எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்த்தார். அப்படியே நிமிர்ந்து மேக்காட்டைப் பார்த்தார்.

"இது இழுத்த துணி" என்றார். "இழுத்தது ஆரு?"

பெரியாத்தாளுக்குத் திடீரென்று ஓர் ஆடு காணாமல் போய்விட்டது. அதைத் தேடப் போனாள். நான் பாறை வகைகளை ஆராய்ந்தேன்.

சாரதாமணிதான் முன்னால் வந்தாள். "ஒரு நாள் நாங்க இழுத்தமுங்க. அஞ்சு வருசமா நீங்க இழுத்துட்டு இருக்கறீங்களே, அதுக்கு ஆருங்க அளவு எடுக்கறது?"

வீரணனின் ஆட்கள் சிரிப்பை அடக்கத் தலைத்துண்டை வாயில் வைத்தார்கள். கந்தப்பன் முகம் கறுத்தது. "மூடுப்பா இத. மேக்காட்டுலயே தோண்டு. நான் சொன்ன எடம்னா நான் சொன்ன எடந்தான்."

"தைக்கு இன்னும் எத்தன நாளிருக்குதுங்க? இத மூடி, அதத் தோண்டி..." சாரதாமணியின் குரல் முதல்முறையாக உடைந்தது. "உங்க மகள எங்க படுக்க வெப்பீங்க? துணி மேலயா?"

அவர் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல இருந்தார். மறுநாள் காலை மேக்காட்டில் குழி இறங்கியது. மண் உண்மையிலேயே வெண்ணெய்தான். மதியத்துக்குள் இரண்டு பக்கம் முடிந்துவிட்டது. இந்தக் கண்ணராவியையும் பார்த்துவிடுவது என்று பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்திருந்தேன். "பாத்தீங்களா டீச்சர்?" என்று பெருமையாக அவர் கையை நீட்டியபோது அந்தக் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

அப்புறம் பெய்தது பாருங்கள், அதை மழை என்று சொல்வது மழைக்கே கேவலம். எருமைகள் குடை கேட்டன. எல்லோரும் ஒதுங்க இடமில்லாமல் மேட்டுக்கு ஓடினோம். ஆடுகள் எங்களுக்கு முன்னாலேயே அங்கே படுத்துக்கொண்டு அசை போட்டன. தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்தபடி சமையலறைக் கடைக்காலுக்குப் பக்கத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கீழே ஓர் இரைச்சல் கேட்டது. பள்ளம் வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் குடம், வாழைத்தண்டு, யாருடைய கூரையோ எல்லாம் அதில் வந்தன. கரையேறி, மேக்காட்டுக்குள் நுழைந்து, புதுக் குழியை நிரப்பி, அந்த வெண்ணெய் மண்ணைச் சுருட்டிக்கொண்டு போனது. வேன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தவளை நின்றது.

 சாரதாமணி புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கந்தப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"நாந்தான் அப்பவே சொன்னனே, பள்ளத்துல தண்ணி வந்தா என்ன பண்றதுன்னு. ஆராவது காதுல வாங்குனீங்களா?"

என் கையில் மடக்கிய குடை இருந்தது. அதை வைத்து நான் எதுவும் செய்யவில்லை என்பதை என் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

"ஆமாங்க, சொன்னீங்க" என்றாள் சாரதாமணி. "மேஸ்திரி, மழை விட்டா நாளைக்குக் கல்லு எறக்கீருங்க. மூலைய நிமித்த வேண்டாமுங்க, கெரைண்டர் வெக்க எடமாகும்."

தை பிறந்தபோது ஓடு போட்ட இரண்டு அறை எழும்பியிருந்தது. பூச்சு இல்லை, ஜன்னலுக்குக் கதவில்லை; பால் மட்டும் பொங்கிவிட்டது. அந்தத் துருத்திய மூலையில் கிரைண்டர் உட்கார்ந்தது. வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரிடமும் கந்தப்பன் தானே இடம் பார்த்த கதையைச் சொல்லுவார். மூலைக்கு வரும்போது மட்டும், "துணி கொஞ்சம் இழுத்துக்கிச்சு" என்பார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. வாசல் தூணில் வீட்டுக்குப் பெயர் எழுதினார்: மேக்காடு. "நான் மேக்காடுன்னுதான சொன்னன், மேக்காட்டுலதான் கட்டியிருக்குது" என்றார். சுண்ணாம்பு காய்வதற்குள் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில், "மேக்காடு ஆருங்க எறங்கறது?" என்று கண்டக்டர் கத்தினால் கிழக்கே இறங்க வேண்டும். புதிதாக வந்த தபால்காரர் பொழுது விழுகிற பக்கமாகப் போய்ப் பள்ளத்தில் நின்றுகொண்டு கூப்பிடுவார்.

மறு வருடம் எனக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றல். தலையெழுத்து. பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'சூரியன் எங்கே உதிக்கிறது?' என்ற கேள்விக்குக் கந்தப்பனின் மகள் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: மேக்காட்டில்.

தப்பு என்று போட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் கந்தப்பன் நின்றார். "ஏனுங் டீச்சர், தப்புன்னு போட்டிருக்கறீங்களாமா? ஞாயித்துக்கெழம நேர்ல வந்து பாத்துட்டுப் போடுங். அப்படியே இதையும் சித்த நேரம் பாத்துட்டு வந்தரலாமுங்."

தோளில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"மாட்டுக்கொட்டாயிங்."